கொல்வது குளிரன்று



சென்ற வாரம் ஆசிரியர் அறையில் உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் வருத்தத்தோடு ஒரு செய்தி சொன்னார். குடும்பத்தோடு கேமரன் மலைக்குச் சென்றபோது ஆசையாக ஒரு ரோஸ்மேரிச் செடி வாங்கி வந்தாராம். மூன்றே வாரத்தில் அது பட்டுப்போய்விட்டதாம். "காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன், சார். உங்கள் வீட்டில் மட்டும் எப்படி ஆண்டு முழுவதும் நிற்கிறது?" என்று கேட்டார்.

அவருடைய கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. ஆனால், அதைச் சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே தவற்றை மூன்று முறை செய்தவன் நான். செடிக்கு மட்டும் செய்தவனும் அல்லன். ஆகவே, விரிவாக எழுதித் தருகிறேன் என்று சொல்லி வந்தேன். இது அந்த எழுத்து.

முதலில் செடியைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். ரோஸ்மேரி நம் மண்ணுக்கு உரியதன்று. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில், கற்கள் நிறைந்த சரிவுகளிலும் கடலோரக் குன்றுகளிலும் தானாக வளரும் புதர் அது. அங்கே கோடையில் மழை அரிது. மண்ணில் நீர் தேங்குவதில்லை. இலை ஊசிபோல் ஒடுங்கியிருப்பதும், அதன் ஓரங்கள் உட்புறமாக மடங்கியிருப்பதும், அடிப்புறம் வெண்ணிற மயிர் படர்ந்திருப்பதும் உள்ள நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதற்கே. அதன் இலத்தீன் பெயருக்குக் 'கடலின் பனித்துளி' என்று பொருள் கூறுவர். நம் வீட்டுத் துளசி, புதினா, கற்பூரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் தனிப் பேரினமாக வைத்திருந்த அதனை, 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு அறிவியலார் சால்வியாப் பேரினத்தில் சேர்த்துவிட்டனர். பெயர் மாறினாலும் செடியின் குணம் மாறவில்லை. வெயிலும் காற்றும் வேண்டும். காலடியில் ஈரம் நிற்கக் கூடாது.

இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. என் அக்காவிடம் கற்றேன்.

அக்கா ஒரு தாதி. 2001ஆம் ஆண்டில் வேலை கிடைத்து இங்கிலாந்துக்குச் சென்றவர், லீட்ஸ் நகரத்தில் நிலைத்துவிட்டார். தோட்டப்புறத்தில் பால்மரங்களுக்கு இடையே வளர்ந்த எங்களுக்கு அது எட்டாத தொலைவு. வாரந்தோறும் தொலைபேசியில் பேசும்போது அம்மா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்கே ரொம்பக் குளிராம்மா?" சாப்பிட்டாயா என்பது அதற்கு அடுத்த கேள்வி. அம்மாவைப் பொறுத்தவரை இங்கிலாந்து என்றால் குளிர். மகளுக்கு அங்கே ஒரு துன்பம் உண்டென்றால் அதுவும் குளிர்தான். ஆண்டுதோறும் தைப்பிங் கடைத்தெருவில் தேடிப்பிடித்துக் கம்பளி உடை ஒன்றை வாங்கி அஞ்சலில் அனுப்பி வைப்பார். லீட்ஸ் கம்பளி நெசவுக்கே பெயர்பெற்ற ஊர். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறீர்களே என்று நான் சிரிப்பேன். அம்மா பொருட்படுத்த மாட்டார்.

2010ஆம் ஆண்டின் இறுதியில், பள்ளி விடுமுறை தொடங்கியதும், அக்காவைக் காணச் சென்றேன். ஆசிரியர் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சேமிப்பெல்லாம் வானூர்திச் சீட்டுக்குப் போயிற்று. நான் போய் இறங்கிய டிசம்பர், 1890க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட டிசம்பர்களிலேயே மிகக் குளிர்ந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். அம்மாதம் 18ஆம் நாள் பனிப்பொழிவினால் லண்டன் ஹீத்ரோ வானூர்தி நிலையமே முடங்கிப்போனது.

மறுநாள் காலை சமையலறையில் தேநீரோடு நின்றபோது இரண்டு காட்சிகளைக் கண்டேன். சன்னலுக்கு உட்புறம் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை. இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்குச்சியாக நின்றது. சன்னலுக்கு வெளியே, முழங்கால் உயரப் பனிக்கு நடுவே, வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி இடுப்பளவு உயர்ந்த பசும்புதர் ஒன்று. அதுதான் ரோஸ்மேரி. சற்றுத் தள்ளி, கல் பாவிய முற்றத்தின் நிழலான மூலையில், தொட்டியில் இன்னொரு ரோஸ்மேரியும் இருந்தது.

"கறிவேப்பிலை போய்விட்டதே, அக்கா" என்றேன்.

"போகவில்லை, தூங்குகிறது. ஏப்ரலில் துளிர்க்கும்" என்றார்.

"அப்படியானால் அந்த ரோஸ்மேரித் தொட்டியையும் உள்ளே கொண்டுவந்து விடலாமே? பாவம், பனியில் நிற்கிறது."

அக்கா சிரித்தார். உள்ளே கொண்டுவந்தால் அது விரைவில் செத்துவிடும் என்றார். சூடேற்றிய வீட்டுக்குள் காற்று உலர்ந்திருக்கும். சன்னல் வெளிச்சம் போதாது. காற்றோட்டமில்லாமல் இலையில் வெண்சாம்பல் நோய் பிடிக்கும். குளிர்ந்த, வெளிச்சமான, சூடேற்றாத கொட்டகையோ கண்ணாடிக் கூடமோ இருந்தால் அங்கே வைக்கலாம். அக்காவின் வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லை.

பிறகு அக்கா கையுறை மாட்டிக்கொண்டு வெளியே சென்று, கிளைகளின்மேல் படிந்திருந்த பனியை மட்டும் மெல்லத் தட்டிவிட்டார். பனியின் பாரம் தாங்காமல் கிளைகள் பிளந்துவிடுமாம். செடிக்கு அவர் செய்த பணிவிடை அவ்வளவுதான்.

அந்த மூன்று வாரங்களில் நான் கண்ட இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். லீட்ஸ் நகரில் டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது. பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறது. அக்கா இருட்டில் வேலைக்குப் புறப்படுவார், இருட்டில் திரும்புவார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், மேலங்கியைக்கூடக் கழற்றாமல், விளக்கையும் போடாமல், சமையலறை நாற்காலியில் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

"குளிரா, அக்கா?" என்று கேட்டேன்.

"குளிருக்கு உடுப்பு இருக்கிறது, தம்பி. இந்த இருட்டுக்குத்தான் ஒன்றும் இல்லை. நாலு மணிக்கே எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். இத்தனை ஆண்டுகளாகியும் பழகவில்லை" என்றார். சிறிது நேரம் கழித்து, "அம்மாவிடம் சொல்லிவிடாதே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்விக்கு, "ஆமாம், பயங்கரக் குளிர்" என்று விடையிறுத்தேன். அந்த ஆண்டு அம்மா இரண்டு கம்பளி உடைகளை அனுப்பினார்.

மறு ஆண்டு மே மாதம் அக்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சுவரோரம் தரையில் நின்ற ரோஸ்மேரி அவ்வளவு குளிரையும் தாங்கி நீலப்பூப் பூத்துவிட்டது. முற்றத்து மூலைத் தொட்டியில் இருந்தது செத்துவிட்டது. அக்கா அவசரப்படவில்லை. கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறார். எங்கும் பழுப்பாகிவிட்ட பிறகே தொட்டியைக் கவிழ்த்தார். வேர்கள் கறுத்து, கைபட்டவுடன் தோல் உரிந்து, அழுகல் நாற்றம் வீசியதாம். தொட்டியின் அடித்துளை கல்தளத்தில் ஒட்டி அடைபட்டிருந்தது. இலையுதிர் காலத்து மழையெல்லாம் உள்ளேயே தேங்கி, அந்த ஈரத்தின்மேல் உறைபனியும் சேர்ந்துவிட்டது.

"ஒரே வீடு, ஒரே குளிர், இரண்டு செடிகள். கொன்றது குளிரன்று, ஈரம்" என்று அக்கா எழுதியிருந்தார்.

குளிர்நாட்டில் ரோஸ்மேரியை வெளியிலேயே வைத்துக் காப்பவர்கள் செய்வன எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கின்றன. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் வகைப்பாட்டின்படி, பொதுவான ரோஸ்மேரி உறைநிலைக்குக் கீழே 5 முதல் 10 பாகை செல்சியஸ் வரையிலான குளிரைத் தாங்கும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆர்ப் என்னும் சிற்றூரில் கண்டெடுக்கப்பட்டு, அவ்வூர்ப் பெயராலேயே வழங்கும் வகை அதனினும் கூடுதலாகத் தாங்கும். தொங்கிப் படரும் வகைகள் குறைவாகத் தாங்கும். ஆனால், வேர் நனைந்தே நின்றால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும்.

ஆகவே, களிமண் நிலத்தில் பருமணலும் சிறுகற்களும் கலந்து, தரையைச் சற்று மேடாக்கி நடுவார்கள். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் வெப்பம் தரும் தெற்குச் சுவரோரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். உலர்ந்த வாடைக்காற்று அடிக்காத இடமாகவும் பார்ப்பார்கள். கோடை முடிந்த பிறகு கிளையை வெட்ட மாட்டார்கள்; வெட்டினால் இளந்தளிர் வரும், முதல் உறைபனியிலேயே அது கருகிவிடும். வெட்டுவதெல்லாம் பூத்து முடிந்த பிறகுதான். அப்போதும் இலையில்லாத முதிர்ந்த கட்டைப் பகுதிவரை வெட்டுவதில்லை; அங்கிருந்து பெரும்பாலும் மீண்டும் துளிர்க்காது. தொட்டியில் இருந்தால் அதனைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்து, வேர் உறையாதபடி தொட்டியைச் சுற்றிச் சாக்கு கட்டுவார்கள். கோடையின் பிற்பகுதியில் சில கொப்புகளை ஒடித்துப் பதியம் போட்டு வைப்பார்கள். தாய்ச்செடி போனாலும் பிள்ளை இருக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? 2011ஆம் ஆண்டின் நடுவில் கேமரன் மலையில் ஒரு செடி வாங்கிவந்து, நாள்தோறும் இருவேளையும் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். அக்கா தம் செடியிலிருந்து ஒரு கொப்பு ஒடித்துத் தருவதாக முன்பே சொல்லியிருந்தார். உரிய அனுமதியின்றிச் செடிகொடிகளை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் வேண்டாமென்று மறுத்திருந்தேன்.

கேமரன் மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே குளிர்ந்த காற்றில் நின்ற செடி, தைப்பிங்கின் புழுக்கத்துக்கு வந்தது. தைப்பிங், தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்யும் ஊர்களுள் ஒன்று. மாலை மழை எத்தனை மணிக்குப் பெய்யும் என்று அக்காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். பெய்யுமா என்று பந்தயம் கட்டியதில்லை. அந்த மழையும் போதாதென்று நானும் ஊற்றினேன். வெயில் இந்தச் செடியைக் கொன்றுவிடும் என்று எனக்குத் தோன்றியதே காரணம். குளிர்நாட்டுச் செடிக்கு வெப்பம்தானே பகை? எனவே நிழலில் வைத்தேன், நீர் ஊற்றினேன். செடி வாடியது. வாடுகிறதே என்று மேலும் ஊற்றினேன். வேர் அழுகிய செடியும் நீரில்லாத செடியைப் போலவே வாடும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. இரண்டாம் செடிக்கும் அதே கதி. மூன்றாம் செடிக்கும் அதே கதி.

2012ஆம் ஆண்டில் ஒரு நாள் தொலைபேசியில் அக்கா கேட்டார்: "எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறாய்?"

"ஒரு நாளைக்கு இரண்டு முறை."

மறுமுனையில் நெடுநேரம் சிரிப்பொலி. பிறகு அக்கா சொன்னார்: "உன் ஊரிலும் பனிக்காலம் உண்டு, தம்பி. அதற்கு மழைக்காலம் என்று பெயர். குளிருக்கு நான் கறிவேப்பிலையை உள்ளே எடுத்து வைக்கிறேன் அல்லவா? மழைக்கு நீ ரோஸ்மேரியை உள்ளே எடுத்து வை."

அதே ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நான்காம் ஆண்டு. முதல் பாடவேளையிலேயே மேசைமேல் தலை சாய்த்துவிடுவான். எழுத்துகூட்டி வாசிக்கவே தடுமாறினான். சோம்பல் என்று முடிவு செய்தேன். குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பியதோடு, மற்றவர்க்குக் கொடுத்ததைக் காட்டிலும் இருமடங்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். அவன் மேலும் சோர்ந்தான். நான் மேலும் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் அவன் பள்ளிக்கு வருவதே குறைந்தது. பிறகுதான் தெரிந்தது: தாய் தொழிற்சாலையில் இரவு வேலை, கைக்குழந்தையான தங்கைக்குப் பால் கலக்கி, இரவெல்லாம் விழித்துத் தொட்டிலாட்டியவன் இந்தப் பத்து வயதுப் பிள்ளை. நான் அந்தச் செய்தியை அறிந்த மாதமே அவர்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவனிடம் ஒரு சொல் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மாணவனின் பின்னணியை அறிந்த பின்னரே அவனுக்குப் பாடம் திட்டமிட வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்த தொடக்கப் பாடங்களுள் ஒன்று. தேர்வில் அதற்கு நன்றாகவே விடை எழுதியிருந்தேன். வாடுகிறதே என்று மேலும் மேலும் ஊற்றியவன் நான். எதனால் வாடுகிறது என்று பார்க்கவில்லை.

நான்காம் செடியை 2013இல் வாங்கினேன். இம்முறை நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நம் நாட்டுத் தாழ்நிலத்தில் வளர்க்க விரும்புவோர்க்குப் பயன்படும்.

நெகிழித் தொட்டியை விட்டு, மெருகிடாத மண்தொட்டிக்கு மாறினேன். அதன் பக்கங்கள் வழியாகவும் ஈரம் வெளியேறும். மண் கலவையில் சரிபாதி கழுவிய பருமணலும் உடைத்த செங்கல் துண்டுகளும். நம் மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. ரோஸ்மேரிக்குச் சற்றே சுண்ணாம்புத் தன்மை பிடிக்கும். எனவே, ஒரு சிறு கரண்டி டோலமைட்டுத் தூள் கலந்தேன். தொட்டியை இரண்டு செங்கற்களின்மேல் தூக்கி வைத்தேன். அடியில் தட்டு வைக்கவில்லை. வீட்டு முன்கூரையின் ஓரத்தில், காலை வெயில் நன்றாக விழும் ஆனால் மழைச்சாரல் படாத இடத்தில் வைத்தேன். மழை விடாமல் பெய்யும் மாதங்களில் இன்னும் ஓர் அடி உள்ளே நகர்த்துவேன்.

தண்ணீருக்கு நாள்கணக்கு இல்லை. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பேன். ஈரம் தெரிந்தால் ஊற்றுவதில்லை. உலர்ந்திருந்தால் அடியில் வடியும்வரை நன்றாக ஊற்றிவிட்டு, மறுபடியும் உலரும்வரை தொடுவதில்லை. புழுக்கத்தில் உட்கிளைகள் கறுக்காமல் இருக்க, நடுவில் நெருங்கியவற்றைக் கிள்ளிக் காற்றுக்கு வழி விடுவேன். சில மாதங்களுக்கு ஒருமுறை விரல்நீளக் கொப்புகள் இரண்டு மூன்றை ஒடித்து, அடியிலைகளை உருவிவிட்டு, ஈரமணலில் நட்டு வைப்பேன். நான்கைந்து வாரங்களில் வேர் பிடிக்கும். இன்று என் வீட்டில் நிற்பது அந்த நான்காம் செடியன்று, அதன் பேரன். அக்காவின் செடிபோல் அது இதுவரை ஒருமுறையும் பூத்ததில்லை. இருக்கட்டும், இலையே போதும்.

அம்மாவுக்கு அந்தச் செடி மிகவும் பிடித்துப்போயிற்று. சவுக்கு இலைபோல் இருக்கிறது என்பார். மாலையில் முன்கூரையின்கீழ் நாற்காலி போட்டு அமர்ந்து, ஒரு கொத்தை உள்ளங்கையில் உருட்டி முகர்வார். "தைல வாசம்" என்பார். அது வெறும் கற்பனையன்று. யூகலிப்டஸ் தைலத்தில் உள்ள சினியோல் என்னும் பொருளும் கற்பூரமும் ரோஸ்மேரி எண்ணெயிலும் உண்டு. அக்கா காணொளியில் அழைத்தால், கைப்பேசியைச் செடியின் பக்கம் திருப்பி, "உன் செடி நன்றாக இருக்கிறது" என்று காட்டுவார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்பார்: "அங்கே ரொம்பக் குளிராம்மா?"

2021ஆம் ஆண்டு சனவரியில் அம்மா காலமானார். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மீண்டும் நடப்புக்கு வந்த நேரம். லீட்ஸ் மருத்துவமனையில் கோவிட் நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். எப்படியாவது புறப்பட்டு வந்தாலும், தனிமைப்படுத்தலுக்குப் பின்தான் அக்கா வீட்டுக்கு வந்திருக்க முடியும். எனவே, இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார். அம்மாவை எடுத்துச் செல்லும் முன், "அந்தச் செடியிலிருந்து ஒரு கொத்து ஒடித்து அம்மாவின் கையில் வை, தம்பி" என்றார். வைத்தேன்.

இங்கிலாந்தில் ரோஸ்மேரி நினைவுக்குரிய செடி என்பதை அக்கா பின்னர்தான் எனக்குச் சொன்னார். இறப்புச் சடங்குகளில் அதனைக் கையில் ஏந்திச் செல்வது அங்கே நெடுநாளைய வழக்கமாம். கலிப்போலியில் வீழ்ந்த போர்வீரர்களை நினைத்து ஆஸ்திரேலியர் ஏப்ரல் 25ஆம் நாள் ரோஸ்மேரிக் கொத்தைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். அந்தப் போர் நடந்த குன்றுகளில் ரோஸ்மேரி தானாக வளர்கிறது. என் அக்கா இதையெல்லாம் எண்ணி அந்தக் கொத்தைக் கேட்கவில்லை. அம்மா நாள்தோறும் தொட்ட செடி என்பதற்காகவே கேட்டார்.

2022இல் எல்லைகள் திறந்த பிறகு அக்கா வந்தார். முதல் நாள் மாலை அம்மாவின் நாற்காலியில் அமர்ந்து, செடியின் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "சரியாகத்தான் வைத்திருக்கிறாய்" என்றார். பிறகு அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா அனுப்பிய கம்பளி உடைகள் அனைத்தும் லீட்ஸில் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றனவாம். பாதிக்கு மேல் அளவு பொருந்தாதவை.

"கடைசிவரை குளிரைப் பற்றியே கேட்டார். வருத்தப்படுவாரே என்று நானும் குளிரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார் அக்கா. "ஒருமுறையாவது இருட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு இருட்டுத் தெரியாதா? விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன்னந்தனியாக நிரையில் நின்று மரம் வெட்டியவர். இருபது ஆண்டுகள். இருட்டில் எப்படி இருப்பது என்று நமக்குத் தெரிந்தவர்களிலேயே அம்மாவுக்குத்தான் தெரிந்திருக்கும். நான் கேட்கவே இல்லை."

நான் பேசாமல் இருந்தேன். 2010லிருந்து அறிந்தவன் நான். பத்து ஆண்டுகளாக ஒரு சொல்லை விழுங்கி வைத்திருந்தவன். அம்மாவைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, அம்மாவால் செய்யக்கூடிய உண்மையான உதவியை அக்காவுக்குச் சேரவிடாமல் தடுத்தவன்.

அந்த ஆசிரியைக்கு என் விடை இதுதான். அடுத்த முறை செடி வாங்கினால், முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பிறகு தண்ணீரைப் பற்றி யோசிக்கலாம். என் வீட்டில் வேர் பிடித்த கொப்பு ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவருகிறேன். மலையிலிருந்து இறங்கியதன்று, இங்கேயே பிறந்தது. கொஞ்சம் எளிதாக இருக்கும்.

லீட்ஸில் பிற்பகல் நான்கு மணி ஆகும்போது தைப்பிங்கில் நள்ளிரவு பன்னிரண்டு மணி. டிசம்பர், சனவரி மாதங்களில், மறுநாள் பள்ளி இல்லாத வெள்ளி, சனி இரவுகளில், நான் விழித்திருந்து அந்த நேரத்துக்கு அக்காவை அழைக்கிறேன். குளிரைப் பற்றிக் கேட்பதில்லை. "இருட்டிவிட்டதா, அக்கா?" என்று கேட்பேன். "இருட்டிவிட்டது" என்பார். பிறகு விளக்கைப் போடும் ஓசை கேட்கும். செடிகளைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.